அரைப்பேர்

ஆங்கிலத்தில் இருபத்திரண்டு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
முற்றிலும் உடன்படுகிறேன் தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை.
பேராதனை கன்டீனில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க
தினுக்க ஒரே மூச்சில் நிரப்பிவிட்டான்,
எல்லாவற்றுக்கும் நடுக்கட்டம்.
ஹஸ்னா மட்டும் கேட்டாள்:
இதை வாசிக்கப்போவதும் ஒரு மெஷின்தானா?

முதல் பதினைந்தும் சுலபம்.
எக்ஸ்ரே பார்க்க இயந்திரம் உதவுமா?
உதவும். போன மாதம் உதவியது.
வலது நுரையீரலின் உச்சியில், காறையெலும்புக்குப் பின்னால்,
விலா என்று நான் தாண்டிப்போன நிழலை
மஞ்சள் வட்டம் போட்டு நிறுத்தியது.
கூச்சமாக இருந்தது. சின்னதாக ஒரு நிம்மதியும்.

பதினாறாவதில் பேனா நின்றது.
எதிர்காலத்தில் ஓர் இயந்திரம்
உங்கள் இடத்தைப் பிடித்துவிடும் என அஞ்சுகிறீர்களா?

என் இடம் எது?
மூன்றாம் ஆண்டு, முதல் வாட்டு, முதல் வாரம்.
ஸ்டெதஸ்கோப் இன்னும் கழுத்துக்குப் பழகவில்லை.
தமிழ் தெரிந்த பிள்ளை யார் என்றார் பெரிய டொக்டர்.
கை தூக்கினேன்.
அன்றிலிருந்து
பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ
அம்புலன்ஸ் வந்தால் என்னைத் தேடுவார்கள்.
சிங்களம் உள்ளே போகும், தமிழ் வெளியே வரும்.
தமிழ் உள்ளே போகும், சிங்களம் வெளியே வரும்.
நடுவில் நான் என்ன நினைத்தேன் என்று
யாரும் கேட்டதில்லை.
அட, அந்த மெஷின் எப்போதோ வந்துவிட்டது.
வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது.
ஹொஸ்டலில் கொசுவலைக்குள் தூங்கியது.

இப்போது பெரிய டொக்டரின் போனே மொழிபெயர்க்கிறது.
நேற்று "நெஞ்சு கரிக்குது" என்ற ஒருத்தியை
நெஞ்சு கரியாகிவிட்டது என்று ஆக்கியது.
வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்,
கொஞ்சம் அதிகமாக.

அன்னகாமுவை எழுத இந்தத் தாளில் கட்டம் இல்லை.
பதினோராம் கட்டில், மார்கழிக் குளிர்.
காலில் ஆறாத புண், சர்க்கரை முந்நூறைத் தாண்டி.
ஏன் கிளினிக்குக்கு ஒழுங்காக வரவில்லை?
கேள்வி என் வழியே போனது.
அவள் சொன்னாள்:
"பஸ்ஸு புடிச்சு வந்து திரும்பினா
அன்னிக்குப் பேரே இல்லாமப் போயிரும் புள்ள.
பாதி நாள் கொழுந்து எடுத்தாலும் அரைப்பேருதான்.
மூணு அரைப்பேரு விழுந்தா
மாசக் கடைசியில கையில என்ன நிக்கும்?"

பெரிய டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அரைப்பேர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
அந்தக் கணக்கில்தான் என் பள்ளிக்கூடச் சப்பாத்து
ஒவ்வொரு தையிலும் அடுத்த தைக்குத் தள்ளிப்போனது.
தினுக்க பக்கத்தில் நின்றான்.
லயத்து வாடை என் வாயிலிருந்து வரக்கூடாது.
"மறந்துவிட்டாராம், சேர்" என்றேன்.
சுத்தமான சிங்களம்.
ஒத்துழைப்பு இல்லை என்று டிக்கெட்டில் ஏறியது.
அவள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்,
சரியாகத்தான் சொல்லியிருப்பேன் என்று.

அந்தப் போன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால்
பாதிப் பெயர் என்று பிழையாகச் சொல்லியிருக்கும்.
வெட்கப்படத் தெரியாத அதற்கு
எதை விழுங்குவது என்றும் தெரியாது.
பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
பாதிப் பெயரா, அதென்ன, என்று கேட்டிருக்கக்கூடும்.
கேட்காமலும் போயிருக்கலாம்.
ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு வாசல் இருந்திருக்கும்.
வாசலில் நான் நின்றேன்,
அடைத்துக்கொண்டு.

ஹஸ்னா தாள்களை வாங்கி அடுக்குகிறாள்.
பதினாறுக்கு என்ன போட்டாய் என்கிறான் தினுக்க.
வெறுமையாக விட்டிருக்கிறேன்.
கடைசியில், வேறு கருத்துகளுக்கென்று இரண்டு கோடுகள்.
அரைப்பேர் என்று தமிழில் எழுதினேன்.
விளக்கம் எதுவும் போடவில்லை.
எண்ணுகிற மெஷின் திணறட்டும்,
யாரையாவது கூப்பிடட்டும்.

நாளைக் காலை கிளினிக்.
பட்டியலில் அன்னகாமுவின் பெயர் இருக்கிறது, முழுதாக.
வந்தால்
அந்த டிக்கெட்டை எடுத்துப்போய்
பெரிய டொக்டரின் மேசையில் வைக்கவேண்டும்.
என்ன சொல்வது என்று இரண்டு மொழியிலும்
இன்னும் சொல்லிப்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.