கொஞ்சம் எண்ணெய்

சமேதானில் அன்றிரவு மைனஸ் இருபத்தேழு.
காரை விட்டு இறங்கி மூன்றாவது அடியில்
மூக்குக்குள் ஒவ்வொரு மயிரும்
தனித்தனியாய் நிமிர்ந்து நின்றது.
துவாரகன் துப்பிப் பார்த்தான்,
விழுமுன் உறையுமா என்று.
உறையவில்லை. இன்டர்நெட் பொய் என்றான்.

வேட்டை அனுமதி ஆரணியின் பெயரில்.
மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லி
நரிக்கு வரும் நோய்களை ஜெர்மனில் ஒப்புவித்து
ஒருமுறை கோட்டைவிட்டு
மறுமுறை வாங்கிய அட்டை.
முதல் இரவுக்கு எல்லாரும் வரவேண்டுமாம்.
"ஸ்கீயிங் வேண்டாமெண்டீங்கள், இதுக்காவது வாங்கோ."

குர்டினின் மரக்குடில், இன் ஆற்றுக்கு மேலே.
நால்வர் இருந்தால்
எந்த முழங்கால் யாருடையதென்று தெரியாது.
ஐம்பது அடி தள்ளிப் பனியில்
கோழிக்குடலும் பூனைச் சாப்பாடும்.
அந்த வாளியை
வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்
என் சமையலறையில்தான் நிரப்பினாள்.
முருகன் கோபிப்பார் பிள்ளை, என்றேன்.
"வள்ளி ஆற்ர மகள் அம்மா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிறகு பேச்சு இல்லை.
இருமக் கூடாது, ஜக்கெட் உரசக் கூடாது.
கழுத்துச் சால்வையில் என் மூச்சே
ஓடாகி, தாடையைக் கீறியது.
இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிய மூடி
இரண்டு மிடறுக்குள் ஆறிவிட்டது.
வெளியே நிலவு. ஆற்றங்கரை மரங்கள்
சீனி தோய்த்த மாதிரி.
அழகுதான். கால்விரல்கள் என்னிடம் இல்லை.

போன ஞாயிறு
துவக்கைச் சமையல் மேசையில் வைத்துவிட்டு
ஆரணி கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"நான் துடைச்சுத் தரட்டோ" என்றார் இவர்.
தொலைக்காட்சியில் செய்தி.
கண் செய்தியில்; கை
கழற்றியது, துடைத்தது, எண்ணெய் விட்டது,
பேப்பரில் வரிசையாய் வைத்தது,
பூட்டியது.
"எப்பிடித் தெரியும் அப்பா?"
"யூடியூப்."

இருபத்திமூன்று வருடம்.
வைத்தியசாலைக் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்கும் கை,
பனி வழிக்கும் கை,
காய்ச்சலில் என் நெற்றியைத் தொடும் கை.
வேறொன்று இருந்திருக்கிறது.
நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.
தொடர்ந்து ஆய்ந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு நரி வந்தது.
நினைத்ததைவிடச் சின்னது. வால்தான் பெரிது.
பனி சுட்டதோ என்னவோ
ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது.
ஆரணி மூச்சை நிறுத்தினாள்.
துவாரகன் இரண்டு காதையும் பொத்தினான்.
நான் நரியைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன்.
காதைப் பொத்தவில்லை.
வாயை மட்டும் சற்றுத் திறந்து வைத்திருந்தார்,
செவிப்பறை தாங்குவதற்கு அப்படித்தான் என்று
பிற்பாடு எங்கோ வாசித்தேன்.

டிக்.

அவ்வளவே சத்தம்.
பேனா மூடியது போல.
நரி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.
குடலில் பெரிய துண்டாகத் தேர்ந்து எடுத்துக்கொண்டு
அவசரப்படாமல் போனது.

தலைவிளக்கைப் போட்டு, பூட்டை உருவி,
விரலால் வழித்து முகர்ந்தாள் மகள்.
"கறிக்கு ஊத்திற மாதிரி ஊத்தியிருக்கிறீங்கள்.
இந்தக் குளிருக்கு உள்ளுக்கை காய்ஞ்சு கிடக்க வேணும் அப்பா.
எண்ணெய் உறைஞ்சு போச்சு."

இவர் அந்த விரலைப் பார்த்தார்.
"அங்க உறையாது" என்றார்.

"எங்க?" என்றான் துவாரகன்.

ஆரணி விளக்கை
அப்பாவின் முகத்திலிருந்து கூரைக்குத் திருப்பினாள்.
அங்கே ஆணிகளின் தலையிலெல்லாம் வெள்ளைப் பனிப் பூ.
நான் மீதித் தேத்தண்ணியை நாலாகப் பங்கிட்டேன்.
ஆறினது என்று யாரும் சொல்லவில்லை.
தெரிந்தேதான் ஊற்றினாரா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

திரும்பும்போது இவர் முன்னே நடந்தார்,
நரி போன தடத்துக்குப் பக்கத்தில், அதைக் கலைக்காமல்.
அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு பனி உடைந்தது.
கொஞ்சம் மெல்லப் போங்கோ, என்றேன்.