சாமந்திப் பொடி

கேதாவுக்கு மேலே, சாலை முடிகிற இடத்தில்
அரசாங்க வண்டியை விட்டுவிட்டு ஏறினேன்.
தோளில் பெட்டி,
பெட்டிக்குள் துப்பாக்கி போல ஒரு கருவி.
நாய் நம்பவில்லை.
நசிப்ரோலா நம்பினாள்.

அவள் மகன் அன்ரிக்கு நான்கு வயது,
ரத்தத்தில் காரீயம் இருபத்து மூன்று.
எண்ணுக்குக் கீழே அமைச்சகம் எழுதியிருந்தது:
'பதற்றம் வேண்டாம், உடனே தொடர்புகொள்ளவும்.'
ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும்
பூசாததுபோலவும் இருக்க வேண்டும் என்று
தலைநகரில் யாரோ
மூன்று தேநீர் குடித்து யோசித்த வரி.

சுவரைச் சுட்டேன். ஒன்றுமில்லை.
சன்னல் சட்டத்தில் கொஞ்சம்,
சோவியத் காலத்துப் பச்சைக்கு அடியில்.
அது இவ்வளவு செய்யாது.
கட்டில் கால், மர வாத்து,
சக்கரம் கழன்ற லாரி,
மாமனாரின் தூண்டில் குண்டுகள்.
'இதுதான், இதுவாகத்தான் இருக்கும்' என்றாள்.
குற்றம் மாமனார் பக்கம் போனால் தேவலை
என்பதுபோல இருந்தது குரல்.
குண்டு முழுக்க ஈயம்தான்.
ஆனால் பூட்டிய டப்பாவில், பரண்மேல்.
நான்கு வயதுக்கு எட்டாது.

மணி இரண்டாகிவிட்டது.
சத்சிவி வைத்தாள், அக்ரூட் அரைத்த குழம்பில் கோழி.
எண்ணெய் பிரிந்து, பொன் பூத்து நின்றது.
பக்கத்தில் சூடாகச் சோள ரொட்டி.

கையேட்டின் பதினொன்றாம் பத்தி:
ஆய்வு செய்யும் வீட்டில் எதையும் உண்ணலாகாது.
எழுதியவர் இந்த மலைப்பக்கம் வந்தவரில்லை.
வந்த ஆள் வெறும் வயிற்றோடு இறங்கினால்
ஏழு வீட்டுக்கு அது பேச்சு.

இரண்டு வாய் சாப்பிட்டேன்.
மூன்றாவதில் கை நின்றது.
இவ்வளவு மஞ்சளா?

'பொடி யாரிடம் வாங்கினாய்?'
'படூமி சந்தையில், முர்மானிடம்.
மற்றவனுடையது மங்கல்.
இவனுடையது பார்த்தாலே பசிக்கும்.'

ஜாடியை வைத்து விசையை அழுத்தினேன்.
எண் ஏறிற்று,
நிற்கவேண்டிய மாடியில் நிற்காத லிஃப்ட் போல.

உப்பிட்டவளிடம் எந்த வாயால் சொல்வது,
உன் அகப்பைதான் என்று?
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
மகனின் தட்டைப் பார்த்தாள்.
ரொட்டியால் வழித்து முடித்திருந்தான்.
'இன்னும்' என்றான்.

*

வியாழக்கிழமை சந்தை. பதினான்கு கடைகள்.
முர்மான் ஓடவில்லை.
'பூவை மட்டும் அரைத்தால் மண் நிறம் வரும்.
மண்ணை யார் வாங்குவார்?
மூட்டை வரும்போதே இப்படித்தான், அம்மா.'
மூட்டைக்காரன் இன்னோர் ஊரைச் சொன்னான்.
அந்த ஊர் மலைக்கு அப்பால் கை காட்டிற்று.
புதுச் சட்டம் மலை அடிவாரம்வரைதான்.

அபராதச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபின்
முர்மான் மெதுவாகக் கேட்டான்,
குழந்தைக்கு ரத்தம் பார்க்க எவ்வளவு ஆகும் என்று.
இலவசம் என்றேன்.
'அரசாங்கமா? இலவசமாகவா?'
அன்றைக்கு அவன் நம்பாதது
அது ஒன்றைத்தான்.

*

ஐந்து மாதம் கழித்து அன்ரிக்குப் பதினான்கு.
அலுவலகத்தில் அதை வெற்றி என்று வரைபடமாக்கினார்கள்,
இறங்கும் கோடு, நீல நிறத்தில்.
எலும்புக்குள் போனது கோட்டில் வராது.
அவன் இன்னும் ஏழுக்குப் பின் ஒன்பது சொல்கிறான்.
அது காரீயமா, நான்கு வயதா,
எந்தக் கருவியும் சொல்லவில்லை.

நசிப்ரோலாவின் குழம்பு இப்போது சாம்பல் வெளுப்பு.
அவன் தட்டைத் தள்ளுகிறான்.
'இது கோழி இல்லை' என்கிறான்.
அவள் அதட்டுவதில்லை,
பக்கத்தில் உட்கார்ந்து தானே தின்று காட்டுகிறாள்,
ஒவ்வொரு வேளையும்.

என் அறிக்கையில்
'கண்டறியப்பட்ட விதம்' என்றொரு கட்டம்.
கருவி மூலம் என்று எழுதினேன்.
நாக்குக்குக் கட்டமில்லை.
ருசியாக இருந்தது என்று எழுத
இடமே இல்லை.