இருபத்திரண்டு நிமிஷம்

வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரம்
நேர்கோட்டில் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்.
ஒரு விமானியிடம் கேட்டேன்.
ஏறின கையோடு இறங்கணும், இருபத்தஞ்சு நிமிஷம்,
டீ கொடுக்கக்கூட நேரம் போதாது என்றார்.
டீ வேண்டாம் சார் என்றேன்.
சிரித்தார்.
அப்படியொரு விமானம் கிடையாது.

செல்லக்கனி அங்கே பெட்டிகளை நிறுக்கிறாள்.
குவைத்துக்குப் போகிறவனின் பலாக்காய் வறுவலில்
இரண்டு கிலோவை எடுக்கச் சொல்லி
அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.
நான் இங்கே மஞ்சள் சட்டையில்
இரண்டு ஒளிக்கோல்களை ஆட்டி
வானத்திலிருந்து வருவதைக் கோட்டில் நிறுத்துகிறேன்.
கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

வார விடுமுறைக்கு
விலக்கில் கைகாட்டி பஸ் ஏறி
வேய்ந்தான்குளத்தில் மாறி
ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஜன்னலை இழுத்துச் சாத்தி
வடசேரியில் இன்னொரு மாற்றம்,
களியக்காவிளையில் கடைப்பலகைகள் எழுத்து மாற,
தம்பானூரில் இறங்கும்போது ஐந்தரை மணி நேரம்.
அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.
ஊக்கைக் கடித்தபடி
வாங்க என்பாள்.

இந்தத் தடத்தில் நேரடிச் சேவை
மேகங்களுக்கு மட்டும்தான்.
ஆனி, ஆடியில் அவள் பக்கமிருந்து புறப்படும்.
சுமை கூடுதலென்று
அகத்தியமலை மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளும்.
எங்களுக்கு வந்து சேர்வது கைப்பை அளவு நிழல்.
மிச்சத்தைத் தாமிரபரணி
பின்னால் தரைமார்க்கமாக எடுத்து வரும்.
'இங்க கொட்டுது' என்று அவள் அனுப்பும்போது
என் கண்ணில் செம்மண் விழுந்திருக்கும்.

அப்படி ஒரு ஆடிச் சாயங்காலம்
சென்னை விமானம் தாழ வந்தது.
காற்று அதன் இறக்கையைத் தட்டிவிட்டது.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.
கோல்களை உயர்த்தியபடியே நின்றேன்.
அது மூக்கை மேற்கே திருப்பியது.

ஓடுதளத்துக்குப் போன் கொண்டுவரக்கூடாது.
மனசில்தான் ஓட்டினேன்:
இப்போது செய்துங்கநல்லூர்.
இப்போது சேரன்மகாதேவி வலப்புறம்,
களக்காடு இடப்புறம்.
இப்போது மலை, கீழே ஒன்றும் தெரியாது.
இப்போது அவள் தலைக்கு மேலே சத்தம்,
அவள் நிமிர்ந்திருக்க மாட்டாள்.
எழுபது பேர் என் வழியில் போகிறார்கள்,
அத்தனை பேருக்கும் கோபம்.

ராத்திரி பத்தரைக்குக் காற்று படுத்தது.
விமானம் திரும்பி வந்து
நான் காட்டிய இடத்தில் நின்றது.
படியிறங்கி நடந்தவர்களில் ஒருவர்,
பேச்சில் ஏரல்காரர்,
கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்:
'இங்க மாசிலாமணிங்கது யாரு வே?'

'நான்தான்.'

'எங்களை எறக்கி உக்கார வச்சாவ.
தண்ணி கொடுத்த பிள்ளை ஒண்ணு,
நீரு சாப்ட்டீரான்னு கேக்கச் சொல்லிச்சு.'

எனக்கு வேறு கேள்விதான் வந்தது.
'அங்கருந்து இங்க எவ்வளவு நேரம் ஆச்சு, அண்ணாச்சி?'

வாட்ச்சைத் திருப்பினார்.
'ஏறினது தெரியல, எறக்கிட்டான். இருவத்திரெண்டு நிமிஷம் இருக்கும். ஏன்?'

விமானி சொன்னதில் மூன்று நிமிஷம் மிச்சம்.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அணைத்த கோல்களோடு கொஞ்சம் நின்றேன்.
எல்லோரும் பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

லாக்கரில் போனும் தூக்குச்சட்டியும்.
நாலு மிஸ்டுகால்.
சோறு புளித்திருந்தது.
சாப்ட்டாச்சு என்று அனுப்பிவிட்டு
மூடியைத் திறந்தேன்.