ஐந்துக்கு மேல் அடுக்குவதில்லை

நூற்றுநாற்பது கிலோ தூக்கியபோது
ஒன்றும் ஆகவில்லை.
மறுநாள் காலை பேஸ்ட் மூடி
குளியலறைத் தரையில் உருண்டது.
குனிந்தேன்.
அப்படியே நின்றுவிட்டேன்,
பாதிக் கும்பிடில்.

"இன்னாய்யா, யாரைக் கும்புடுற?" என்றாள் ஜூலியட்.
சிரிப்பதற்கும் இடுப்பு வேண்டும் என்று
அன்றுதான் தெரிந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
தரைக்கு நூறடி மேலே கண்ணாடிக் கூண்டு,
காலுக்குக் கீழேயும் கண்ணாடி.
எட்டு மணி நேரம்
என் இரண்டு பாதங்களுக்கு நடுவே பார்த்தபடி
கவிழ்ந்து உட்கார்ந்து
இரண்டு விரலால் நாற்பது டன் தூக்குவேன்.
மூத்திரம் வந்தால் பாட்டில்.
இறங்கி ஏற இருபது நிமிஷம்,
கப்பல் நிற்காது.

சாயங்காலம்
உட்கார்ந்தே கிடந்த பாவத்துக்குப் பரிகாரம்
கொருக்குப்பேட்டையில் தகரக்கூரை ஜிம்.
சீனிவாசலு பட்டறையில் அறுத்த தட்டுகள்:
இருபது என்று பெயிண்ட் சொல்லும்,
பத்தொன்பதோ இருபத்திரண்டோ, இடுப்புக்குத்தான் தெரியும்.
வார்ம்அப் என்பது
பைக்குக்கு ஸ்டாண்டு போடுவது.
கூண்டின் வளைவை முதுகோடு கொண்டுவந்து
அதைக் கொண்டே கம்பியை இழுத்தேன்.
"தூக்கு மச்சான், இன்னொண்ணு!" என்பான் ஏகாம்பரம்.
இரண்டு வருஷமாக
அந்த இன்னொன்றைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்டான்லியில் படம் எடுத்தார்கள்.
பிசியோதெரபி அறையில் பெனாசிர்
ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்தாள்.
கீழ்முதுகில் ஐந்து எலும்பு,
ஒன்றின்மேல் ஒன்று.
பழகிய அடுக்கு.
எங்கள் யார்டிலும் ஐந்துக்கு மேல் வைப்பதில்லை.
எப்போதும் வாங்குவது அடிப்பெட்டிதான்:
மூலை நசுங்கி,
கதவு திறக்காமல்,
உள்ளே என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாமல்.

"படுத்தே இருக்கணுமாம்மா?"
"படுத்தா இன்னும் இறுகும். நடங்க.
அரை மணிக்கு ஒருவாட்டி எழுந்து நில்லுங்க."
"நூறடி உசரத்துல இருக்கேன்."
பேனாவை மூடினாள்.
"அங்க நிக்க எடம் இல்லையா?"

இருந்தது.
பதினோரு வருஷமாக நாற்காலிக்குப் பின்னால்
என் டிபன் பை நின்றிருந்த
ஒன்றரை அடி.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
புரண்டு படுக்க இழுவைப்படகு கேட்டது உடம்பு.
மாடிவீட்டுக்காரர் தைலம் கொடுத்தார்,
மச்சினன் பெல்ட் வாங்கிவந்தான்,
செருப்பு மாட்டிவிட்டது என் ஏழு வயது மகள்.
வலது காலுக்கு இடது செருப்பு.
சொல்லவில்லை, அப்படியே நடந்தேன்.

இப்போது நான் தூக்குவது துடைப்பக்கட்டை.
பின்மண்டை, நடுமுதுகு, வால் எலும்பு,
மூன்றிலும் கட்டை ஒட்டியிருக்க
இடுப்பை மட்டும் பின்னே தள்ளிக் குனிய வேண்டும்.
பத்து தடவை. ஆறு வாரம்.
"அண்ணா, ஒட்டடை அடிக்கவா?" என்றார்கள் பையன்கள்.
ஏகாம்பரம் சிரிக்கவில்லை.
எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டுகிறவன்,
கேட்டில் நுழைய
ஒரு பகலும் ஒரு ராத்திரியும் குந்தியிருப்பவன்.
தன் கம்பியிலிருந்து ஒரு தட்டைக் கழற்றினான்.
அந்தப் பக்கமும் ஒன்று.
நானும் கேட்கவில்லை.

நேற்று கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
எப்போதும்போல.
முன்பெல்லாம் வண்டிமேல் கிடந்து திட்டுவேன்.
நேற்று இறங்கினேன்,
கைகளை இடுப்பில் ஊன்றி
மெல்லப் பின்னால் வளைந்தேன்.
மின்கம்பி, ஒரு காக்கா, கொஞ்சம் வானம்.
இதெல்லாம் மேலே இருந்ததா?

கூட்ஸ் வந்தது.
நீலம், சிவப்பு, துருப்பிடித்த பச்சை.
மத்தியானம் நான் தூக்கி வைத்த பெட்டிகளும்
அதில் இருக்கலாம்.
நிமிர்ந்து நின்று எண்ணினேன், நாற்பத்திரண்டு வரை.
கேட் திறந்து
பின்னால் ஹாரன் கிழிந்தது.

"யோவ், வண்டிய எடு!"

எடுக்கிறேன்பா.
இன்னும் ரெண்டு தடவை பாக்கி.