அளவுக்கு ஒரு ரூபாய்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கல்யாணக் கார்டு அடிக்கும் கடையில்
வெட்டும் மெஷின் என்னுடையது.
என்னுடையது என்றால், நான் நிற்கும் இடம்.
நூறு கார்டுக்கு ஒரு கட்டுக் கீற்று மிஞ்சும்,
இரண்டரை அங்குல அகலம்,
சிலதின் ஓரத்தில் பொன்னிற மயிலின் வால்.
குப்பைக்குப் போகிறதை நிறுத்தி
மூன்றரை அங்குலத்தில் வெட்டினேன்.
சட்டைப் பையில் அடங்குகிற சுவர்.

முதல் படம் இரணியல் ரயில்வே கேட்.
இரண்டாவது, கேட் திறக்கக் காத்திருந்த
மீன்காரியின் அலுமினியச் சருவம்.
மூன்றாவதில் மழை மட்டும்.
எங்கள் பக்கத்து மழைக்கு ஆள் தேவையில்லை.

பின்பக்கம் எண், தேதி, பெல்சி.

போனில் படமெடுத்துப் போட்டேன்.
புனேயிலிருந்து ஒருவர் கேட்டார்:
ஹால் சுவர் பத்தடி, இந்த மழை போதுமா?
சிரித்து முடித்த பிறகு
அடுத்த அட்டையின் பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்தேன்.
அதற்கப்புறம் அந்த ரூபாய் இல்லாமல் படமில்லை.
பூ விழுந்திருந்தால் ஏன் என்று விசாரிக்க
ஆள் இருக்கிறது இப்போது.

விற்பதில்லை.
நீ ஒன்று வரைந்து அனுப்பு, நான் ஒன்று அனுப்புகிறேன்.
யார் போட்ட சட்டமோ,
நான் சேரும்போதே இருந்தது.

'அப்போ லாபம் எதிலாக்கும்?'
என்றார் கடைக்காரர் ராஜகிளன்.
விசிட்டிங் கார்டு டப்பாவைத் திறந்து காட்டினேன்.
தார்வாடிலிருந்து ஒரு காகம்.
ஜோத்பூர்ப் பையன் வரைந்த அவன் கடைவாய்ப் பல்.
ஐஸ்வாலிலிருந்து பாதியாக வெட்டிய அவித்த முட்டை.
முட்டையை எடுத்து
டியூப்லைட்டுக்குக் கீழே வெகுநேரம் பிடித்திருந்தார்.
'உப்புகூட போட்டிருக்கான் பாரு.'
அதன்பிறகு கீற்றுகளைக் கட்டி
அவரே என் மேசையில் வைக்கிறார், ஒன்றும் சொல்லாமல்.

அறுபத்து மூன்றாவது, முட்டத்துக் கடல். இரவு.
கலங்கரை விளக்கத்தை விட்டுவிட்டேன்,
அதை எல்லோரும் வரைகிறார்கள்.
பாறைமேல் உட்கார்ந்து
அரைமணி நேரம் கறுப்பைப் பார்த்தேன்.
கறுப்பு நாலு வகை.
மூன்றுக்கு மையிருந்தது.
நாலாவதற்கு, மணவாளக்குறிச்சியில்
செருப்போடு ஒட்டி வந்த கருமணலைத் தட்டி
பசை தடவித் தூவினேன்.
நிலா வேண்டாம் என்று முடிவு செய்ய
இரண்டு நாள் ஆயிற்று.

சிவசாகரில் ரூப்ஜ்யோதிக்கு அது.
கடல் பார்த்ததில்லை என்றிருந்தாள்.
அவள் அனுப்பிய ஆறு
ஒரே இழுப்பு, அகலத் தூரிகை.
ஒரு கரைதான் இருந்தது.
மறுகரை அட்டைக்கு வெளியே எங்கேயோ.

குழித்துறை தபால் ஆபீசில்
தங்கசுவாமி சார் கவரைத் திருப்பிப் பார்த்தார்,
உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுபோல்.
பிறகு முத்திரையை ஓங்கி
ஒரே குத்து.
மேசையிலிருந்த பசைக்கிண்ணம் ஆடிற்று.

பதினோரு நாள் கழித்து
அவள் போனில் என் கடல்.
அளவுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கு வைத்திருந்தாள்.
முத்திரையின் விளிம்பு விழுந்த இடத்தில்
மணல் உதிர்ந்து
வளைவாய், மெலிசாய், வெள்ளை அட்டை.
கீழே எழுதியிருந்தாள்:
நிலாவை இவள் வரையவில்லை,
இருட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறாள்.

நானூறு பேர் அதற்குத் தலையாட்டியிருந்தார்கள்.
'அது நான் இல்லை, தபால் ஆபீஸ்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
திரும்பத் தட்டினேன்.
சார்ஜ் இரண்டு சதவீதம்,
அந்தச் சாக்கில் படுத்துவிட்டேன்.

அறுபத்து நாலாவது இன்னும் காயவில்லை.
தேங்காப்பட்டணம், கருக்கல் நேரம்,
வலது மூலையில் ஒன்றும் வைக்கவில்லை.
திங்கட்கிழமை கவுண்டரில் நீட்டி
கொஞ்சம் ஓங்கியே குத்துங்க சார் என்றேன்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'இருபத்தாறு வருசமாச்சு.
எல்லாரும் மெதுவா குத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கேன்.'