மூக்கிலிருந்து தொடங்குதல்

எண்ணும் கருவி என் கட்டைவிரலுக்கு அடியில்.
ஆள் ஒருவர் உள்ளே வந்தால் ஒரு டிக்.
நேற்று நூற்று முப்பத்தேழு.
அதில் மூன்று, தும்மும்போது தவறி அழுத்தியவை.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றைப் பார்த்தபடி
கூரை பாதி போன பழைய சுங்கக் கிடங்கு.
அதற்கு நான் பராமரிப்பாளர், சீட்டு கிழிப்பவள்,
வழிகாட்டி வராத நாளில் வழிகாட்டி.
கழிப்பறைச் சாவியும் என்னிடம்தான்.

எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே.
சுண்ணாம்பு உதிர்ந்தால்
உதிர்ந்ததைப் பையிலிட்டுத் தேதி எழுது.
விரிசலின் அருகே அளவுகோல் வைத்துப் படமெடு.
மிகைப்படுத்தி அறிக்கை அனுப்பாதே.
இது மேலிடம், சிவப்பு மையில்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரைக்கு
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்
மிகைப்படுத்தக் கற்றுக்கொள்கிறேன்.

பஸ்காலுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தாறு.
புதுச்சேரிக் கல்யாண மண்டபங்களில்
பந்திக்கு முன் ஆளுக்கு நாலு நிமிடத்தில்
கேலி முகம் வரைந்து கொடுத்து
பைக்குக்குத் தவணை கட்டுகிறான்.
"அழகா போடாதீங்க அக்கா.
எல்லாருக்கும் இருக்கறத விடுங்க.
இவருக்கு மட்டும் என்ன இருக்குன்னு பாருங்க.
அத இழுங்க."

இழுத்தேன்.
என் முதல் மூக்கு
காகிதம் போதாமல் மேசைமேல் போய் முடிந்தது.

"அம்மைத் தழும்ப மட்டும் தொடாதீங்க,
அது அவங்க செஞ்சதில்ல" என்றான்.
மூக்கு மட்டும் அவங்க செஞ்சதா, என்று கேட்டேன்.
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான்,
கூர் வந்த பிறகும்.

அதற்கப்புறம் சீட்டு வாங்க நீளும் முகங்கள்
வெறும் பத்து ரூபாயாக வருவதில்லை.
நெய்வேலியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற போர்மேன்: தாடை.
கல்லூரிப் பேருந்து: நாற்பது செல்பி முழங்கைகள்.
வெயிலுக்கு ஒதுங்கிய ஜோடி:
ஒரே துப்பட்டாவில் இரண்டு தலை, வெளியே ஒற்றைச் செருப்பு.
வண்டிச்சாவியால் செங்கல்லில் பெயர் கீறுகிறவன்:
நாக்கு நுனி. கணக்குப் பரீட்சைபோல
உதட்டோரம் வெளியே வந்திருக்கிறது.

அவனுக்காகத்தான் ஐந்து பலகைகள்.
ஐந்தாவதில் சட்டப்பிரிவும் அபராதமும்.
அந்த அபராதத்தின் மேலேயே
'மதியரசு', ஓர் அம்பு, பாதி இதயம்.
(மீதி வரைவதற்குள் விசில் ஊதிவிட்டேன்.)

ஆடிக்காற்றில் ஒரு பலகை விழுந்தது.
புதிதாக எழுத நிதி இல்லை.
பின்பக்கம் திருப்பி அவனை வரைந்தேன்:
சாவி வாள் நீளம், நாக்கு முழங்கால்வரை.
எதிரே சுவர், கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிந்து.
சுவருக்குக் கண் வைத்தேன், வாய் வைத்தேன்.
கை நிற்கவில்லை, காதும் வைத்தேன்.

பத்து நாள் ஒருவரும் செங்கல் பக்கம் போகவில்லை.
எல்லோரும் பலகையோடு படமெடுத்தார்கள்.

ஆய்வுக்கு வந்தார் உதவி இயக்குநர் சடகோபன்.
"அனுமதி வாங்கின பலகையா?"
இல்லை சார்.
"எடுத்துடுங்க."
கார் கதவைத் திறந்தவர் திரும்பி வந்தார்.
"சுவருக்கு எதுக்கும்மா காது?"
தன் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்.
"சுவருக்குக் காது உண்டுன்னுதானே சார் சொல்வாங்க."
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்.
எடுக்கச் சொன்னதை மறுபடி சொல்லவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நேற்று பூட்டும்போது பார்த்தேன்.
பலகையின் கீழ்மூலையில் யாரோ சாவியால் கீறியிருக்கிறான்.
பெயர் இல்லை. ஒரு பெண்.
கோடு கோணல், கழுத்தே கிடையாது,
ஆனால் வலக்கை இருக்கவேண்டிய இடத்தில்
எண்ணும் கருவி.
பஸ்காலுக்கு அனுப்பினேன்.
"இவன வகுப்புக்கு வரச் சொல்லுங்க" என்றான்.

அறிக்கையில் எழுதினேன்:
சுவர்: புதிய சேதம் இல்லை.
பலகை: கீறல் ஒன்று, அளவுகோலுடன் படம் இணைப்பில்.
மூக்கு மட்டும் ஏழு சென்டிமீட்டர்.
மிகைப்படுத்தவில்லை.