காரணம்: பூனை

காயானி நகரில் இரவுப் பணி.
நூற்றுப் பதினான்கு வீடுகள் என் திரையில்,
ஒரு முகமும் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
யார் வீட்டு ஃபிரிட்ஜ் எத்தனை மணிக்குத் திறக்கும்,
யார் இரவில் மூன்று முறை எழுவார்,
யாருடைய மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை
புதன் மதியம்வரை மூடியே கிடக்கும்.

தௌனோ பெசோனென், எண்பத்தாறு.
சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
காலை மாத்திரைக்கு அழைத்தால்
"இன்னும் சாகவில்லை" என்பார்.
பிறகு ஒரு இருமல்,
சாவி திருகியும் கிளம்பாத டீசல் வண்டிபோல.

ஐலி மொய்லானென், எண்பத்தொன்று, ஏரியின் எதிர்க்கரை.
பேச்சு குறைவு.
ஜனவரியில் அவர் ஃபிரிட்ஜ்
இரண்டு நாள் திறக்கவில்லை என்று குறித்தேன்.
அதே வாரம் தௌனோவுடையது
ஒரு வயிற்றுக்கு மிஞ்சித் திறந்து மூடியது.
அதையும் குறித்தேன்.
கூட்டிப் பார்க்கவில்லை.

நேற்றிரவு இரண்டு பத்துக்கு
ஐலியின் மெத்தைக்கடியில் இருக்கும் பட்டை சிவந்தது.
துடிப்பு ஒழுங்கில்லை, நிமிடத்துக்கு நூற்று முப்பத்தொன்று.
ஆம்புலன்ஸ் எழுபது கிலோமீட்டரில். வெளியே மைனஸ் இருபத்தாறு.
முடிவெடுக்க எனக்குத் தொண்ணூறு விநாடி.

"ஐலி, மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு வலிக்கிறதா?"
வெகுநேரம் போர்வைச் சத்தம்.
"எனக்கு ஒன்றுமில்லை பெண்ணே."
அதன் பின்னால், அடக்க அடக்க
அடங்காமல் ஒரு இருமல்.

டீசல்.

தௌனோவின் பக்கத்தைத் திறந்தேன்.
வாசல் கதவு எட்டு நாற்பதுக்கு. திரும்பவில்லை.
அது வெறும் மஞ்சள்;
மஞ்சளை நாங்கள் விடியலுக்குத் தள்ளிவைப்போம்.
அவர் படுக்கை காலி.
ஆக, அறுபத்திமூன்றும் அறுபத்தெட்டும்.
இரண்டு என்று எண்ண
அந்தப் பட்டைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எச்சரிக்கையை மூட ஒரு காரணம் கேட்கும் திரை.
கருவிக் கோளாறு, மின்தடை, பூனை.
ஐலியிடம் பூனை கிடையாது.
பூனை என்று போட்டேன்.

ஏழு மணிக்கு மகள், கோத்தன்பர்க்கிலிருந்து.
"அப்பா படுக்கவே இல்லையாமே?
விடுதியில் இடம் கேட்டிருக்கிறேன்,
இனியும் தனியாக விட முடியாது."
"நன்றாகத்தான் தூங்கினார்" என்றேன்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது.
சாலை வழியே இருபது கிலோமீட்டர்,
அவர் கார் ஓட்டுவதை விட்டு மூன்று வருஷம்.
ஏரிமேல் நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.
இப்போதைக்கு அது ஒரு முழத்துக்கு மேல் உறைந்திருக்கிறது,
அவருடைய பழைய வண்டியையே தாங்கும்.
ஏப்ரல் கடைசியில் கறுக்கும்.
அதற்கு என் திரையில் மஞ்சளுமில்லை, சிவப்புமில்லை.

நாளை மாத்திரைக்கு அழைக்கும்போது
வானிலைப் பேச்சு எடுக்க வேண்டும்,
சும்மா கேட்பதுபோல.